கியூம்ரியில் இடிந்தது, வனாட்சோரில் நின்றது: ஆர்மீனிய நகரங்களில் ஒரு கரிசக்காட்டுப் பாடம்

எங்க வீட்டு முன்னறை ஜன்னலோட மேல்மூலையில ஒரு வெடிப்பு இருக்கு. சாய்வா, படிக்கட்டு மாதிரி செங்கல் செங்கலா ஏறி உத்தரம் வரைக்கும் போகும். சித்திரையில விரல் நுழையும். கார்த்திகை மழைக்குப் பிறகு பார்த்தா பென்சில் கோடு மாதிரி ஒட்டிக்கிடும். ரெண்டு தடவை சிமெண்ட் வச்சுப் பூசியாச்சு, ரெண்டு தடவையும் பக்கத்திலேயே புதுசா கிளம்பிடுச்சு. கோவில்பட்டியைச் சுற்றியிருக்கிற கரிசக்காட்டுக் கிராமங்களில் இருந்து வரும் யாருக்கும் இது புதுசு இல்லை. உங்க வீட்டிலும் ஒன்று இருக்கும்.

போன வருஷம் அப்பா மாடி எடுக்கணும்னு ஆரம்பிச்சார். "நீ சிவில்தானே படிக்க? தாங்குமா தாங்காதான்னு நீயே பாத்துச் சொல்லு. வெளியாளுக்கு எதுக்குத் துட்டு குடுக்கணும்?" அப்போ நான் நாலாவது செமஸ்டர். மண் இயந்திரவியல் இன்டர்னலில் வாங்கிய மார்க்கை அவரிடம் சொல்லவில்லை.

அதே வாரம் எங்க பெரியம்மா மகன், ஆர்மீனியாவில் மருத்துவம் படிக்கிற அண்ணன், ஒரு வீடியோ அனுப்பினார். கியூம்ரி என்ற ஊர். தேவாலயத்தின் முற்றத்தில் கோபுரத்தின் தலைப்பகுதி ஒன்று தரையில் கிடக்கிறது. மேலே இருக்க வேண்டிய கல் குவிமாடம், விழுந்தபடியே வைத்திருக்கிறார்கள். "தம்பி, 88-ல வந்த நிலநடுக்கத்துல விழுந்ததுடா. நீ சிவில் ஆச்சே, ஏன் இந்த ஊர்ல மட்டும் இவ்வளவு இடிஞ்சதுன்னு சொல்லு பாப்போம்" என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்து, அந்த நாட்டின் நகரம் நகரமாகப் போய், கடைசியில் எங்க வீட்டு ஜன்னலுக்கே திரும்பி வந்து நின்றேன். அந்தப் பயணம்தான் இந்தக் கட்டுரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இன்னும் ஆர்மீனியா போகவில்லை. பாஸ்போர்ட்டே போன மாசம்தான் கைக்கு வந்தது. வரைபடமும் புத்தகமும் அண்ணனின் வீடியோக்களும்தான் என் வண்டி.

சின்ன நாடு. பரப்பு 29,743 சதுர கி.மீ., நம்ம தமிழ்நாட்டில் கால்பங்குக்கும் குறைவு. மக்கள் சுமார் 30 லட்சம். சமவெளி என்று சொல்ல அதிகம் கிடையாது. நாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே. கடல் இல்லை. நாலு பக்கம் ஜார்ஜியா, அசர்பைஜான், ஈரான், துருக்கி. துருக்கி எல்லை 1993-ல் மூடப்பட்டது, அசர்பைஜானோடு போர்கள். அதனால் சரக்கு போக வர ஜார்ஜியா, ஈரான் என்று இரண்டே வாசல். கடல் இல்லாத நாடு என்றால் என்ன கஷ்டம் என்று நமக்குச் சட்டென்று உறைக்காது. கோவில்பட்டித் தீப்பெட்டிப் பண்டலை லாரியில் ஏற்றினால் தூத்துக்குடித் துறைமுகம் 60 கி.மீ. சொச்சம். யெரெவானில் அதே பண்டலைக் கப்பலேற்ற வேண்டுமென்றால் மலை ஏறி இறங்கி இன்னொரு நாட்டைத் தாண்டிக் கருங்கடலுக்குப் போக வேண்டும்.

இப்படி அடைபட்ட நாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரத் தெரு இருக்கிறதே, அங்கே எந்த அரண்மனையும் கிடையாது. 'ஆர்மீனியன்' என்பதுதான் நம்ம ஆட்கள் வாயில் புகுந்து 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது என்கிறார்கள். தெருவில் 1712-ல் எழுந்து 1772-ல் புதுப்பித்துக் கட்டப்பட்ட ஆர்மீனிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794-ல் அச்சானது யெரெவானில் இல்லை, நம்ம மெட்ராஸில். நடத்தியவர் ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். மாணவர் இதழ் நடத்துகிற நமக்கு அவர் ஒரு வகையில் மூத்த சீனியர்.

எனக்கு அவரைவிட முக்கியமானவர் பெட்ரூஸ் உஸ்கான் என்ற வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் மர்மலாங் பாலத்தைத் தன் காசில் கட்டியவர். இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிற இடம் அது. பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அவர் போட்டதுதான். பாலத்துக்குச் செலவு 30,000 பகோடா என்று குறிப்பிருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த வரி: பராமரிப்புக்கு என்று தனியாக 1,500 பகோடா வைத்துவிட்டுப் போனார். கட்டுகிற அன்றே, பிற்பாடு பழுது பார்க்கிற காசையும் எடுத்து வைத்த மனுசன். நம்ம எஸ்டிமேஷன் பேப்பரில் இந்தக் கேள்வி ஏன் வருவதில்லை என்று தெரியவில்லை. இவர்களில் பலருடைய முன்னோர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸால் ஊரோடு பெயர்க்கப்பட்டு இஸ்பஹானில் குடியேற்றப்பட்டவர்கள். கடல் இல்லாத மலைநாட்டில் வேர் உள்ளவர்கள்தான் வங்கக் கடற்கரை வரை வந்து வியாபாரம் செய்தார்கள்.

சரி, வண்டி ஏறலாம்.

யெரெவான்

சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறித்தான் போகிறார்கள். இந்தியர்களுக்கு இணையத்திலேயே விசா விண்ணப்பிக்கலாம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பிக்கொள்ளுங்கள். தலைநகரின் உயரம் சுமார் 1,000 மீட்டர். கி.மு. 782-ல் அர்கிஷ்தி என்ற அரசன் எரெபூனி என்ற கோட்டையைக் கட்டினான். அதைக் கல்லில் ஆப்பெழுத்தில் வெட்டியும் வைத்தான். கட்டினதைப் பதிவு செய்து வைத்ததால்தான் ரோமாபுரியைவிட எங்க ஊர் பழசு என்று அவர்களால் மார்தட்ட முடிகிறது.

இன்றைய நகரத்தின் அடிப்படை அலெக்சாண்டர் தமான்யான் என்ற கட்டடக் கலைஞர் 1924-ல் போட்ட திட்டம். நடுவில் சதுக்கம், சுற்றி வளையமாகப் பூங்கா. பார்த்தவுடன் கண்ணில் படுவது நிறம். கட்டடங்கள் இளஞ்சிவப்பு. வர்ணம் கிடையாது, கல்லே அந்த நிறம். எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய 'டஃப்' என்ற கல். நம்ம கருங்கல்லோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதி எடைதான். ரம்பம் போட்டு அறுக்கலாம். உள்ளே நுண்துளைகள் இருப்பதால் வெயிலும் குளிரும் சீக்கிரம் ஊடுருவாது. காலடியில் எது கிடைத்ததோ அதில் கட்டிய ஊர்.

தெருவுக்குத் தெரு 'பல்புலாக்' என்ற குடிநீர்க் குழாய். கல் தூணில் எந்நேரமும் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே இருக்கிறது, குனிந்து வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போகிறார்கள். அண்ணன் முதன்முதலில் வீடியோ எடுத்து அனுப்பியது தேவாலயத்தையோ அராரத் மலையையோ இல்லை, இதைத்தான். தண்ணி வர்ற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற ஊர்க்காரனுக்கு வேறு என்ன முதலில் படும்?

யெரெவானிலிருந்து சுமார் 30 கி.மீ. கிழக்கே கார்னி. அங்கே ரோமானிய பாணியில் ஒரு தூண் கோவில். 1679-ல் வந்த நிலநடுக்கத்தில் இடிந்து, கற்கள் அங்கேயே கிடந்து, 1969 முதல் 1975 வரை மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டது. நாம் பார்க்க வேண்டியது அதன் இணைப்புகளை. சாந்து கிடையாது. கல்லையும் கல்லையும் இரும்புப் பட்டையால் இணைத்து, உருக்கிய ஈயத்தை ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஈயம் மென்மையான உலோகம். துருவையும் தடுக்கும், ஆட்டம் வந்தால் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். நூற்றுக்கணக்கான வருஷம் நின்றது. இந்த 'இணைப்பு' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கியூம்ரியில் தேவைப்படும்.

கார்னியைத் தாண்டினால் கெகார்ட் மடாலயம். மலைப்பாறையைக் குடைந்து செய்த அறைகள் உள்ள இடம், முக்கியமானவை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இதற்கு நம்ம கழுகுமலைக்குப் போனவர்கள் அசந்துவிட மாட்டார்கள். வெட்டுவான் கோவிலும் ஒரே பாறைதானே. ஆனால் ஒரு வித்தியாசம். நம்ம ஆட்கள் மேலிருந்து கீழாகச் சுற்றிலும் பாறையை எடுத்துவிட்டுக் கோவிலின் வெளிவடிவத்தை நிறுத்தினார்கள். அவர்கள் பாறையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே கூடத்தையும் தூணையும் குவிமாடத்தையும் செதுக்கி எடுத்தார்கள். அங்கே தூண் எதையும் தாங்கவில்லை, தாங்குவது முழுக்க மலைதான். இரண்டிலும் இணைப்பே கிடையாது. இணைப்பு இல்லாத இடத்தில் இணைப்பு விட்டுப்போவது எப்படி?

கியூம்ரி, 11:41

யெரெவானிலிருந்து வடமேற்கே சுமார் 120 கி.மீ. ரயிலும் உண்டு, 'மர்ஷ்ருத்கா' என்ற ஷேர் வேனும் உண்டு. நம்ம மினிபஸ் கணக்காக, ஆள் சேர்ந்தால்தான் சில வண்டி கிளம்பும். கியூம்ரி நாட்டின் இரண்டாவது பெரிய நகரம், உயரம் சுமார் 1,500 மீட்டர், பனிக்காலத்தில் உறைய வைக்கிற குளிர். இங்கே டஃப் கல்லின் நிறம் மாறிவிடுகிறது: கறுப்பு. கும்ரி என்று சொல்லப்படும் பழைய பகுதியில் 19-ஆம் நூற்றாண்டு வீடுகள் கறுப்புக் கல்லில், வாசலைச் சுற்றி ஆரஞ்சுக் கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு உடனே நம்ம மண்தான் ஞாபகம் வந்தது. அது கல், இது களி, இரண்டுக்கும் பொருத்தம் நிறத்தோடு சரி. இருந்தாலும் கறுப்பைப் பார்த்தால் நமக்கு ஒரு சொந்தம் வந்துவிடுகிறது.

1988 டிசம்பர் 7, காலை 11:41. அப்போது இந்த ஊரின் பெயர் லெனினாகான். சோவியத் ஒன்றியத்தின் பகுதி. 6.8 அளவு நிலநடுக்கம். மையம் ஸ்பிட்டாக் என்ற சிறு நகரத்தின் அருகே. அந்த ஊர் ஏறக்குறைய முழுதாகவே தரைமட்டமானது. மொத்தம் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். பள்ளிக்கூட நேரம். இதற்கு மேல் அந்தக் கணக்கை நான் எழுதப் போவதில்லை. நியூயார்க்கில் ஐ.நா. சபைக்குப் போயிருந்த கோர்பச்சேவ் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார்.

இனி அண்ணன் கேட்ட கேள்வி. ஸ்பிட்டாக்குக்குக் கிழக்கே கிரோவகான் என்ற நகரம், இன்றைய பெயர் வனாட்சோர், மையத்திலிருந்து சுமார் 25 கி.மீ. மேற்கே லெனினாகான், சுமார் 32 கி.மீ. பக்கத்தில் இருந்த ஊர்தானே அதிகம் இடிந்திருக்க வேண்டும்? நடந்தது தலைகீழ். லெனினாகானில் சேதம் பல மடங்கு அதிகம்.

காரணம் மண். லெனினாகான் ஒரு பழைய ஏரிப் படுகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பல நூறு மீட்டர் தடிமனுக்கு வண்டலும் களியும். கிரோவகானின் பெரும்பகுதி பாறையிலும், பாறைமேல் மெல்லியதாகப் படிந்த கெட்டி மண்ணிலும் நிற்கிறது. பாறை வழியே வருகிற அதிர்வு சடசடவென்று வேகமானது. ஆழமான மென்மண்ணுக்குள் நுழைந்ததும் அது பெருகுகிறது, மெதுவான நீண்ட ஆட்டமாகவும் மாறுகிறது. கிரோவகானிலும் மென்மண் நிரம்பிய ஒரு பள்ளப் பகுதி உண்டு, அந்த ஊரில் அடி பலமாக விழுந்தது அங்கேதான். ஒரே ஊருக்குள்ளேயே மண் ஆளை மாற்றிக் காட்டியிருக்கிறது.

இதை ஊஞ்சலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஊஞ்சலுக்கு என்று ஒரு ஆட்ட நேரம் உண்டு. அந்தத் தாளத்தில் சின்னதாகத் தள்ளினாலே மேலே மேலே போகும், தாளம் தப்பி எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் போகாது. கட்டடத்துக்கும் அப்படித்தான். தோராயக் கணக்கு நம்ம எல்லாருக்கும் தெரியும்: மாடி எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் வருகிற வினாடி. ஒரு மாடி வீட்டுக்கு 0.1 வினாடி, ஒன்பது மாடிக்கு 0.9 வினாடி. லெனினாகானின் ஆழமான மண் தந்தது நீண்ட ஆட்டம், அந்த ஊரில் வரிசையாக நின்றது ஒன்பது மாடிக் குடியிருப்புகள். ரெண்டு தாளமும் ஒத்துப்போச்சு. ஒத்ததிர்வு என்று பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டுப் போகிற விஷயம்.

மண் மட்டுமா? இங்கேதான் கார்னியின் ஈயத்தை நினைத்துப் பார்க்கணும். அந்த ஒன்பது மாடிகள் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து களத்தில் பொருத்திய கான்கிரீட் சட்டகங்கள். தூணின் கம்பியையும் தூணின் கம்பியையும் களத்தில் வெல்டிங் வைத்து இணைத்தார்கள். பல இடங்களில் அந்த வெல்டிங் மோசம். இணைப்புப் பகுதியில் வளையக் கம்பிகள் போதாது. தளத்துக்கு வைத்த துளைப் பலகைகள் ஒன்றோடொன்றும் உத்தரத்தோடும் சரியாகக் கட்டப்படவில்லை. அதிர்ந்ததும் தூண் ஒரு பக்கம், தளம் ஒரு பக்கம். சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் தளங்கள் உட்கார்ந்துவிட்டன. இந்த வகைக் கட்டடங்களில் பெரும்பாலானவை விழுந்தன அல்லது இடிக்க வேண்டியதாயிற்று. அதே ஊரில், அதே மண்ணில், சுவரையே பெரிய பெரிய பலகையாக வார்த்து நிறுத்திய இன்னொரு வகைக் குடியிருப்புகள் நின்றன. அவை சட்டகத்தைப் போல வளைந்து ஆடுபவை இல்லை, பெட்டி மாதிரி விறைப்பானவை. ஆட்ட நேரம் குறைவு, மண்ணின் தாளத்தில் சிக்கவில்லை.

கும்ரியின் கறுப்பு வீடுகளில் பலவும் நின்றன. தடித்த சுவர், ஒன்றிரண்டு மாடி. ஆனால் 'பழசெல்லாம் நல்லது, புதுசெல்லாம் மோசம்' என்று இதிலிருந்து யாரும் கிளம்ப வேண்டாம். நாலைந்து மாடி எழுப்பிய கல் கட்டடங்கள் பலவும் அன்றைக்கு விழுந்தன.

வீடிழந்தவர்களுக்குத் தற்காலிகமாக என்று தகரப் பெட்டி வீடுகள் வந்தன. 'தோமிக்' என்று பெயர். மூன்று வருஷத்தில் சோவியத் ஒன்றியமே உடைந்தது, பிறகு போர், எல்லை மூடல். தற்காலிகம் பல குடும்பங்களுக்குப் பத்து, இருபது வருஷம் தாண்டியும் நீண்டது. யெரெவானுக்கு மேற்கே உள்ள மெட்ஸமோர் அணுமின் நிலையத்துக்கு அதிர்வில் சேதம் இல்லை. ஆனாலும் பயத்தில் 1989-ல் மூடினார்கள். விளைவு, 90-களின் தொடக்கத்தில் பனிக்காலத்தில் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் கரண்ட். 1995-ல் ஒரு உலையை மறுபடி இயக்கினார்கள். கூடங்குளத்தைப் பற்றி ஹாஸ்டலில் விவாதம் பண்ணும்போது இரண்டு கட்சியும் இந்தக் கதையைப் படித்துவிட்டு வரலாம்.

வனாட்சோர் வழியாக செவான்

கியூம்ரியிலிருந்து கிழக்கே ஸ்பிட்டாக்கைக் கடந்து வனாட்சோர். சோவியத் காலத்து ரசாயன ஆலைகளின் ஊர், இப்போது அமைதியாகக் கிடக்கிறது. பயணிகள் இங்கே இறங்கி வடக்கே தெபெத் பள்ளத்தாக்குக்குத்தான் வண்டி மாறுகிறார்கள். அங்கே அலவெர்தியில் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய ஒற்றை வளைவுக் கல்பாலம் ஆற்றின் குறுக்கே நிற்கிறது. மேலே சனாஹின் கிராமம். மிக் விமானத்தின் 'மி', அதை வடிவமைத்த ஆர்தெம் மிகோயான், 1905-ல் பிறந்த ஊர் அது. அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு வெளியே ஒரு மிக்-21 நிற்கிறது. 62 வருஷம் நம்ம விமானப்படையில் பறந்து 2025 செப்டம்பரில் விடைபெற்றதே, அதே விமானம். மெக்கானிக்கல் பசங்களுக்கு இந்தப் பத்தி.

திரும்பி தெற்கே வந்தால் திலிஜான் காடுகள், தாண்டினால் செவான் ஏரி. உயரம் சுமார் 1,900 மீட்டர். இங்கே கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் இது நம்ம கண்மாய்க் கதை. 1930-களில் தொடங்கி, ஏரித் தண்ணீரை ஹ்ரஸ்தான் ஆற்றில் கூடுதலாகத் திறந்துவிட்டு வரிசையாக நீர்மின் நிலையம் கட்டினார்கள், பாசனத்துக்கும் கொடுத்தார்கள். ஏரி சின்னதானால் ஆவியாகிற தண்ணீர் குறையும், அந்த மிச்சம் லாபம் என்பது திட்டம். காகிதத்தில் சரியான கணக்கு. நீர்மட்டம் 20 மீட்டருக்குக் கிட்டத்தட்ட இறங்கியது. தீவில் இருந்த செவானாவாங்க் மடாலயத்துக்கு இப்போது நடந்தே போகலாம், தீவு தீபகற்பம் ஆகிவிட்டது. மீன் குறைந்தது, தண்ணீரின் தரம் கெட்டது. பிறகு பதறி, அர்பா ஆற்றுத் தண்ணீரை ஏரிக்குத் திருப்ப மலையைக் குடைந்து 48 கி.மீ. சுரங்கம் போட்டார்கள். 1981-ல் அது முடிந்தது. மடையைத் திறக்கச் சில வருஷம், அடைக்க அரை நூற்றாண்டு. கண்மாயில் மடை திறக்கிறதுக்கு ஊர்க்கூட்டம் போட்ட நம்ம தாத்தாக்கள் அந்தத் திட்டக்குழுவில் இருந்திருக்கலாம்.

செவானிலிருந்து யெரெவான் ஒன்றரை மணி நேரத்துக்குள். சுற்று முடிந்தது.

மறுபடியும் ஜன்னல்

நம்ம பக்கம் நிலநடுக்க ஆபத்து குறைந்த பகுதி. எங்க வீட்டு வெடிப்புக்கும் கியூம்ரிக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. அங்கே அரை நிமிஷத்தில் நடந்தது, இங்கே வருஷக்கணக்கில் நடக்கிறது. ஆனால் 'எவ்வளவு பக்கம், எவ்வளவு பலம்' என்று கேட்பதற்கு முன்னால் 'கீழே என்ன மண்' என்று கேட்க வேண்டும் என்பதை நான் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, லெனினாகானில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்க வீட்டு மண்ணை ஒரு பாலிதீன் பையில் கட்டி லேபுக்குக் கொண்டுபோனேன். ஃப்ரீ ஸ்வெல் சோதனை. காயவைத்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராம் இரண்டு அளவுஜாடியில். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம். மண்ணெண்ணெயைக் களி உறிஞ்சி உப்பாது, ஆகவே அதுதான் மண்ணின் உண்மையான அளவு. மறுநாள் பார்த்தால் தண்ணீர் ஜாடியில் மண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமத்தின் வேலை. தகடு தகடாக இருக்கும், தண்ணீர் தகட்டுக்கு இடையில் புகுந்து விலக்கும், காய்ந்தால் மறுபடி நெருங்கும். அந்த ஜாடியில் நடந்ததுதான் வீட்டுக்கு அடியில் வருஷா வருஷம் நடக்கிறது. அதுவும் ஒரே சீராக இல்லை. நடுவீட்டுக்குக் கீழே ஈரம் மாறுவதில்லை, சுவரோரம் மாறுகிறது. அதனால் ஓரம் மட்டும் ஏறி இறங்கும், சுவர் சாய்வாக வெடிக்கும். ஜன்னல் மூலைதான் சுவரின் பலவீனமான இடம், அங்கேதான் தொடங்கும்.

பிறகு வீட்டோரமாக ஒரு குழி தோண்டினோம். கொத்தனார் அண்ணாச்சியும் வந்து பார்த்தார். வானம் மூணடிதான் தோண்டியிருக்கிறார்கள். அஸ்திவாரம் முழுக்கக் கரிசலுக்குள்ளேயே நிற்கிறது. ஆறடிக்கும் கரிசல். ஒன்பதடிக்குப் பக்கத்தில்தான் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் தட்டியது. "அந்தக் காலத்துல சுக்கான் வரைக்கும் போகணும்னுதான் சொல்லுவாக தம்பி. கூலிக்கு யாரு போறா?" என்றார் அண்ணாச்சி. லேபில் ஒரு வாரம் செலவழித்து நான் கண்டுபிடித்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

புது வீடு என்றால் வழி இருக்கிறது. ஈரம் ஏறி இறங்குகிற ஆழம் நம்ம கரிசலில் பல இடங்களில் மூன்று, மூன்றரை மீட்டர் வரை போகும். அதற்குக் கீழே போய், அடியில் குடை மாதிரி விரித்த அண்டர்-ரீம்டு பைல் போடலாம். தண்டு 30 செ.மீ. என்றால் அடிக்குமிழ் சுமார் இரண்டரை மடங்கு, 75 செ.மீ. மண் மேலே தள்ளினால் அந்தக் குமிழ் நங்கூரம் மாதிரி பிடித்துக்கொள்ளும். பைல்களின் மேல் வருகிற உத்தரத்துக்கும் மண்ணுக்கும் இடையில் வெற்றிடம் விடணும். அதை மறந்துவிட்டு மண்ணோடு ஒட்டி வார்த்தால் உப்புகிற மண் உத்தரத்தையே தூக்கிவிடும், பைல் போட்ட காசு தண்டம். தூண் வளையக் கம்பியின் முனையை 90 டிகிரியில் மடக்கி விட்டுவிடாமல் 135 டிகிரிக்கு உள்ளே மடக்கச் சொல்லுங்கள். கம்பி கட்டுகிறவர் முறைப்பார். பரவாயில்லை. ஆட்டம் வந்தால் வாயைத் திறக்காத வளையம் அதுதான்.

ஏற்கெனவே நிற்கிற வீட்டுக்கு? மாடி வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். கூடுதல் எடை வந்தால் ஓரம் ஏறி இறங்குவது நிற்கப் போவதில்லை, வெடிக்கிற சுவர் மட்டும் பெருசாகும். பதிலாக வீட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் சரிவாகச் சிமெண்ட் தளம் போட்டு மழைத்தண்ணீர் சுவரோரம் இறங்காமல் பார்க்கலாம், மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளி விடலாம், சுவரை ஒட்டி நிற்கிற வேப்பமரம் கோடையில் அந்தப் பக்கத்து ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன்.

அப்பா ரொம்ப நேரம் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னலே சொல்லுத, மூணு வருஷம் சீட்டுக் கட்டிச் சேத்த துட்டு. தளம் போடவும் குழாய் வைக்கவுமா?" என்றார். நான் ஃபோனை எடுத்து அண்ணன் அனுப்பிய கியூம்ரி வீடியோவைக் காட்டினேன். தரையில் கிடக்கிற குவிமாடத்தை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தாதான் பேசினாள். "மாடி எடுங்க, எடுக்காமப் போங்க. அந்த வேம்பு உங்க தாத்தா வச்சது. அதுல கை வைக்கணும்னா முதல்ல என்னைக் கேளு."

தளத்துக்குப் போன வாரம் ஜல்லி வந்து இறங்கியிருக்கிறது. மரத்துக்கும் சுவருக்கும் நடுவே வேரைத் தடுக்க ஆழமாக ஒரு கான்கிரீட் தடுப்பு இறக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மண் இயந்திரவியலில் நல்ல மார்க் வாங்கிய ஜூனியர்ஸ் யாராவது இருந்தால் டிபார்ட்மெண்ட் லேபுக்கு வாருங்கள், மிச்ச மண் இன்னும் பையில் இருக்கிறது.